மருந்து குடிச்சும் மாறாத பெருவிரல்

குழந்தையாக இருக்கும்போது பிள்ளையின் கால்விரல் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிக் கொஞ்சினோம். பத்துப் பதினொரு வயதுக்குப் பிறகு அந்தக் காலை யார் பார்க்கிறார்கள்? பிள்ளை தானே குளிக்குது, தானே நகம் வெட்டுது, கதவைச் சாத்திப்போட்டுச் சொக்ஸ் போடுது. அதுவும் ரொறன்ரோவில் நவம்பர் மாதம் ஸ்னோ பூட்ஸுக்குள் போகிற கால் ஏப்ரலில்தான் வெளிச்சம் காணும். ஆகவே பெருவிரல் நகம் சதைக்குள் வளரத் தொடங்கினால் அது முதலில் எங்களுக்குத் தெரியவராது. உடுப்புத் தோய்க்கேக்கதான் தெரியும்: ஒரு சொக்ஸின் நுனியில் மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு கறை. அல்லது உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போக மாட்டேன் எண்டு காரணம் சொல்லாமல் அடம்பிடிக்கும். அல்லது தம்பி தெரியாமல் காலில் மிதிச்சதுக்கு வீடே அதிர ஒரு சத்தம்.

இதைச் சின்ன விஷயம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சின்ன விஷயம்தான். ஆனால் சரியான ஆளிடம் போகாவிட்டால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இழுபடுகிற சின்ன விஷயம்.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் நான் கேட்கிற கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். விரல் வீங்கி, சீழ் வந்ததும் வோக்-இன் கிளினிக்குக்குப் போவார்கள். டொக்டர் பார்த்துவிட்டு ஒரு கிழமைக்கு அன்ரிபயோட்டிக் எழுதிக் குடுப்பார். வீக்கம் கொஞ்சம் வத்தும். மருந்து முடிஞ்சு இரண்டு மூன்று கிழமையில் திரும்ப வரும். வேறொரு வோக்-இன், வேறொரு டொக்டர், திரும்பவும் அன்ரிபயோட்டிக். மூன்றாம் முறை வரேக்க அம்மம்மா சொல்லுவா, "பிள்ளைக்கு ரத்தம் கெட்டுப்போச்சுது, அதுதான் ஆறுதில்லை." ரத்தத்தில் ஒரு பிழையும் இல்லை. சதைக்குள் ஒரு முள் இருக்குது. முள் உள்ளே இருக்கும்வரை புண் ஆறாது. அந்த முள் பிள்ளையின் சொந்த நகம்.

முள் எப்படி வருகிறது

கால் நகம் மெதுவாக வளரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். நகத்தை ஒட்ட வெட்டி, மூலைகளை வளைச்சு எடுத்தால், ஓரத்தில் இருக்கிற சதை அந்த வெற்றிடத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பின்னால் வளர்ந்து வருகிற நகத்துக்கு இப்போது முன்னால் வழி இல்லை. அதைவிட மோசம், மூலையை வெட்டேக்க ஆழத்தில் ஒரு சின்னக் கூர் வெட்டுப்படாமல் மிஞ்சிவிடுவது. வெளியே பார்த்தால் தெரியாது. மாதக்கணக்கில் முன்னேறிச் சதையைக் குத்தித் துளைக்கும். மேலே இறுக்கமான சப்பாத்து அழுத்தினால் வேலை இன்னும் கெதியாக நடக்கும்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருவதில் ஆச்சரியம் இல்லை. கால் வியர்த்து நகமும் தோலும் ஊறிப்போய் இருக்கும். கால் அளவு மளமளவெண்டு மாறும், சப்பாத்து மாறாது. உதைபந்தாட்டச் சப்பாத்தும் ஹொக்கி ஸ்கேற்றும் இறுக்கமாக இருந்தால்தான் விளையாட வசதி என்று பிள்ளைகளே சொல்லி வாங்குகிறார்கள். நகத்தை வெட்டாமல் ரீவி பார்த்தபடி கையால் கிழிக்கிற பழக்கம் வேறு. சில குடும்பங்களில் நகத்தின் வடிவமே இரண்டு பக்கமும் உள்ளுக்கு வளைஞ்சிருக்கும். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வரலாம். கடுமையான முகப்பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெடினோயின் என்ற மருந்தைப் பிள்ளை எடுக்கிறதெண்டால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. நக ஓரத்தில் இப்படிப் புண் வருவது அந்த மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று.

"ஊரில இப்படி ஒரு வருத்தம் கேள்விப்படவே இல்லை" என்று அப்பம்மா சொல்லுவது முழுக்கப் பிழை இல்லை. வெறுங்காலும் பாட்டாச் செருப்புமாகத் திரிந்த காலத்தில் விரலுக்கு இடம் இருந்தது.

முதலில் நக ஓரம் தொட்டால் நோகும், கொஞ்சம் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். அடுத்தது சீழ், ஈரம், மணம். அதையும் விட்டுவைத்தால் நக ஓரத்தில் பச்சை இறைச்சி மாதிரி ஒரு சதை வளர்ந்து நகத்தின் மேல் ஏறும். தொட்டவுடன் ரத்தம் வரும். இந்தச் சதையைக் கண்டு பெற்றோர் புற்றுநோயோ என்று பயப்படுவது உண்டு. பெரும்பாலும் அது முள்ளைச் சுற்றி உடம்பு கட்டுகிற ஆறாத சதைதான். முள் போனால் அதுவும் வத்திவிடும்.

எங்கட தோலில் சிவப்பு எப்படித் தெரியும்

கனடாவில் வெளிவருகிற எந்த மருத்துவக் குறிப்பை எடுத்தாலும் "சிவந்திருக்கிறதா எனப் பாருங்கள்" என்றுதான் இருக்கும். படமும் வெள்ளைத் தோலில்தான் இருக்கும். மண்ணிறத் தோலில் அழற்சி அப்படிச் செக்கச்சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கருஞ்சிவப்பு, ஊதா, சிலவேளை சும்மா கறுத்த மாதிரி இருக்கும். "சிவப்பு இல்லையே" என்று நாங்களும் விட்டுவிடுவோம், தொலைபேசியில் கேட்கிற தாதியும் விட்டுவிடுவார். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதேங்கோ. இரண்டு பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. எது வீங்கிப் பளபளக்குது? புறங்கையால் தொட்டால் எது சுடுகுது? எது அமத்த நோகுது? தொலைபேசியில் பேசும்போதும் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கோ: "பிள்ளையின் தோல் மண்ணிறம், சிவப்புத் தெரியவில்லை, ஆனால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறது, வீங்கியிருக்கிறது."

811 என்ற இலக்கத்தை ஒன்ராறியோவில் எந்த நேரமும் அழைக்கலாம். பதிவுபெற்ற தாதி ஒருவர் இலவசமாக வழிகாட்டுவார். வீட்டில் பெரியாக்கள்தான் பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்றால், மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கோ. சிக்கிட்ஸ் மருத்துவமனை நடத்துகிற அபௌட் கிட்ஸ் ஹெல்த் இணையத்தளத்திலும் பிள்ளைகளின் நோய்கள் பற்றித் தமிழில் கட்டுரைகள் இருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியது

சீழ் இல்லை, நோவும் கொஞ்ச வீக்கமும் மட்டும்தான் எண்டால் வீட்டிலேயே முயற்சி செய்யலாம். இளஞ்சூடான தண்ணியில் கொஞ்சம் உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், பதினைந்து நிமிஷம் அளவில் காலை ஊறவிடுங்கோ. சுடுதண்ணி வேண்டாம். ஊறினபிறகு நல்லாத் துடைச்சு, நக ஓரத்துச் சதையை நகத்திலிருந்து மெதுவாக வெளிப்பக்கம் தள்ளி நீவிவிடுங்கோ. நகத்தின் மூலை கண்ணுக்குத் தெரிந்தால், துளியளவு பஞ்சைத் திரிச்சு, அல்லது பல்லுக்குப் போடுகிற நூலின் ஒரு துண்டை எடுத்து, மூலைக்கு அடியில் வைக்கலாம். நகம் சதைக்குள் போகாமல் அதன் மேலாக வளர அது உதவும். பஞ்சை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். ஊறிப்போன பஞ்சை மூன்று நாள் விட்டால் அதுவே கிருமிக்கு வீடு. கொஞ்சம் வஸ்லின் பூசி ஒரு பிளாஸ்டர். நோவுக்கு ரைலனோல் அல்லது அட்வில், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில்.

வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே போனால் விரலை அமத்தாத சப்பாத்து. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதைத்தான் பிள்ளைகள் கேட்க மாட்டினம். ஒரு கிழமையில் முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் இரண்டு கிழமை உப்புத்தண்ணியில் ஊறவிட்டுப் பலனில்லை.

நகத்தின் நடுவில் "வி" மாதிரி வெட்டிவிட்டால் இரண்டு ஓரமும் நடுவை நோக்கி இழுபடும் என்று ஒரு நம்பிக்கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. நகம் வளருவது அடியிலிருந்து. நுனியில் என்ன கோலம் வெட்டினாலும் அடிக்குத் தெரியாது. அதேபோல், நோகிற மூலையைத் தோண்டி வெட்டி எடுத்தால் அன்றைக்குச் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆளை ஏமாற்றுவது. அடுத்த கூர் அங்கேயேதான் உருவாகும்.

இனித் தேசிக்காய். நகச்சுத்து வந்தால் தேசிக்காயில் துளை போட்டு விரலைச் செருகி வைப்பது எங்கள் வீடுகளில் தெரிந்த கைவைத்தியம். ஆனால் நகச்சுத்து வேறு, இது வேறு. நகச்சுத்து நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து வீங்குவது, கூடுதலாகக் கைவிரலில் வருவது. இங்கே பிரச்சினை குத்திக்கொண்டிருக்கிற நகம். தேசிக்காய் அதைக் கரைக்காது. திறந்த புண்ணில் புளி பட்டால் பிள்ளை இனிமேல் காலைக் காட்டவும் மாட்டுது. கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் நெருப்புச் சுட்ட மாதிரிக் கொப்புளம் போடும், பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். மஞ்சள் பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் பூசிய விரலில் எது வீக்கம், எது சீழ் என்று டொக்டருக்குத் தெரியாது. பூசினால் கழுவிவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ.

நக அழகு நிலையத்தில் "பெடிக்கியூர்" செய்யேக்க மூலையை எடுத்துவிடச் சொல்லுவதும் நடக்கிறது. ரொறன்ரோவில் இந்தக் கடைகளைப் பொதுச் சுகாதாரத் துறை பரிசோதிக்கிறது, சுத்தமான கடைகள் நிறைய உண்டு. ஆனாலும் அது நகத்தை அழகாக்குகிற இடம். புண் இருக்கிற விரலை அங்கே காட்ட வேண்டாம்.

கை என்று தொடங்குகிற கால் வைத்தியர்

எங்களில் பலருக்கும் தெரியாத ஒரு பெயர் கைரொபடிஸ்ட். முதுகு நோவுக்குப் போகிற கைரோபிராக்டர் வேறு ஆள், குழப்ப வேண்டாம். கைரொபடிஸ்ட் காலுக்கு மட்டும் படித்தவர். வேடிக்கை என்னவென்றால் "கைரோ" என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் இருக்கிற மாதிரிக் கை என்றுதான் பொருள். முன்னொரு காலத்தில் கையையும் காலையும் சேர்த்துப் பார்த்தவர்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஒன்ராறியோவில் இவர்களைக் கட்டுப்படுத்துவது 1991ஆம் ஆண்டின் கைரொபடிச் சட்டம். பயிற்சி தருவது ரொறன்ரோ நகர மையத்தில் இருக்கிற மிச்செனர் கல்வி நிறுவனம். விறைக்க ஊசி போடவும், காலின் தோலுக்கு அடியிலுள்ள மென்சதையை வெட்டிச் சிகிச்சை செய்யவும், குறிப்பிட்ட சில மருந்துகளை எழுதிக் குடுக்கவும் அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. உள்ளுக்குள் வளர்கிற நகம் அவர்களுக்கு அன்றாட வேலை. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாக நேரம் எடுக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கிற மச்சாள் "பொடையற்றிஸ்டிட்டக் காட்டு" என்று சொல்லுவா. இங்கே தேடினால் அவர்கள் மிகக் குறைவு. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது: 1993 ஜூலை 31க்குப் பிறகு ஒன்ராறியோவில் புதிதாக ஒருவரையும் பொடையற்றிஸ்ட் என்ற வகுப்பில் பதிவு செய்வதில்லை. வெளியில் பொடையற்றி படித்துவிட்டு வந்தவர்களும் இங்கே கைரொபடிஸ்ட் என்றுதான் பதிய வேண்டும். முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு கட்டுப்பாடு, இன்றைக்குப் பிள்ளையின் விரலோடு அலைகிற தாய்க்கு ஏன் விளங்க வேண்டும் என்று கேட்டால், எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் விளங்கினால் கூகிளில் சரியான சொல்லைப் போட்டுத் தேடலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். தனியார் கைரொபடிக் கிளினிக்குக்கு ஓஹிப் பணம் கட்டாது. பொடையற்றிஸ்டிடம் போனால் ஒரு தடவைக்கு 7 முதல் 16 டொலர் வரை, வருஷத்துக்கு 135 டொலர் வரை மட்டும் ஓஹிப் குடுக்கும். மிச்சம் உங்கள் பொக்கெற். நகத்தின் ஓரத்தை எடுக்கிற சிறு அறுவைக்குத் தனியார் இடங்களில் சில நூறு டொலர் வரும். வேலையிடத்துக் காப்புறுதியில் கைரொபடிஸ்டுக்கு என்று வருஷத் தொகை ஒன்று பெரும்பாலும் இருக்கும். டொக்டரின் கடிதம் வேண்டுமா என்று முதலே கேட்டு வையுங்கோ, சில நிறுவனங்கள் கேட்கும். ரசீதை எறியாதேங்கோ, மருத்துவச் செலவாக வருமான வரியில் காட்டலாம்.

காப்புறுதி இல்லாத குடும்பங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குடும்ப வைத்தியர். அதே சிறு அறுவையை டொக்டர் செய்தால் ஓஹிப் கட்டும். எல்லா டொக்டரும் செய்வதில்லை. செய்கிறவர்கள் கேட்டால்தான் சொல்லுவினம். "டொக்டர், நீங்களே இதைச் செய்வீங்களோ? இல்லாட்டி ஓஹிப்பில் செய்கிற இடத்துக்கு அனுப்புவீங்களோ?" இந்த இரண்டு கேள்வியையும் அப்படியே கேளுங்கோ. மற்றது, சமூக சுகாதார நிலையங்கள். அவற்றில் சிலவற்றிலும் சில மருத்துவமனைகளிலும் கைரொபடிஸ்ட் இருக்கிறார். அங்கே பார்த்தால் பணம் கட்டத் தேவையில்லை. எந்த நிலையம் எந்தப் பகுதியில் இருக்கிறவர்களை எடுக்கும், காத்திருப்பு எவ்வளவு என்பதைத் தொலைபேசியில் கேட்டுத்தான் அறியலாம். மருந்துக்கடைக்காரரிடம் போய்ப் பயனில்லை: 2023இல் ஒன்ராறியோ மருந்தாளர்களுக்கு மருந்து எழுத அனுமதி குடுத்த 19 சிறு நோய்களில் இது இல்லை.

அன்றைக்கு என்ன நடக்கும்

பிள்ளைக்குப் பயம் ஊசியில்தான். விரலின் அடியில் இரண்டு பக்கமும் விறைப்பு ஊசி போடுவார்கள். அது எரியும், பொய் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரத்துக்குத்தான். ஐந்து பத்து நிமிஷத்தில் விரல் விறைத்துவிடும், அதன் பிறகு தொடுகிறது தெரியும், நோகாது. முழு நகத்தையும் பிடுங்குவது பழைய முறை. இப்போது பெரும்பாலும் குத்துகிற பக்கத்தில் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு கீற்றை மட்டும் அடிவரை எடுப்பார்கள். வெளியே எடுத்த கீற்றைப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கோ. அவ்வளவு காலமும் குத்தினது இதுதானா என்று பார்க்கப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம்.

கீற்றை மட்டும் எடுத்தால் அது திரும்ப வளரும், திரும்பக் குத்தவும் கூடும். ஆகவே அந்த ஓரத்து வேரில் பீனோல் என்ற இரசாயனத்தைத் தடவி, அந்தக் கீற்று இனி வளராமல் செய்வார்கள். 2012இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் அறுவையைவிடப் பீனோல் சேர்த்த அறுவைக்குப் பிறகு நகம் திரும்ப உள்ளே வளருவது குறைவு என்றும், அறுவைக்குப் பிறகு அன்ரிபயோட்டிக் குடுப்பதால் நோவோ ஆறுகிற காலமோ குறையவில்லை என்றும் அது சொல்லுகிறது. அன்ரிபயோட்டிக் வேண்டவே வேண்டாம் என்பதல்ல பொருள். கிருமி விரலைத் தாண்டிக் காலில் பரவினால் கட்டாயம் வேண்டும். முள்ளை விட்டுவிட்டு மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் குடுப்பதுதான் பிழை.

எங்கள் மாகாணத்திலேயே இதற்கு ஒரு மாற்று வழியைப் பின்பற்றுகிறவர்கள் உண்டு. குற்றம் நகத்தில் இல்லை, நகத்தின் மேல் பிதுங்குகிற சதையில்தான் என்று வான்டன்போஸ், பவர்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1959இல் எழுதினார்கள். அவர்கள் முறையில் நகத்தைத் தொடுவதே இல்லை. ஓரத்துச் சதையைத் தாராளமாக வெட்டி எடுத்து, தைக்காமல் ஆறவிடுவார்கள். ஒன்ராறியோவின் லண்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள தோர்ன்டேல் என்ற சிற்றூரின் குடும்ப வைத்தியர் ஹென்றி சப்பெஸ்கி இந்த முறையில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து, ஒருவருக்கும் திரும்ப வரவில்லை என்று 2010இல் கனேடிய அறுவை மருத்துவ இதழில் எழுதினார். நகம் முழு அகலத்தோடு அப்படியே இருக்கும் என்பது இதில் நல்லது. ஆற ஒன்றரை மாதம் அளவில் எடுக்கும், முதல் நாட்களில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பல தடவை நக அறுவை செய்தும் மாறாத பிள்ளைக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பீனோலே போதும்.

பீனோல் போட்ட பிறகு இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கு மேலும், மஞ்சளாகத் தண்ணி மாதிரிக் கசியும். அது இரசாயனம் சுட்ட இடம் ஆறுகிற விதம், சீழ் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால்தான் அம்மாமார் பயந்து திரும்ப வோக்-இன்னுக்கு ஓடி, திரும்ப அன்ரிபயோட்டிக்கோடு வருவது. நோவு நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கோ. குறைந்தால் சரி. கூடினால், விரலைத் தாண்டி வீக்கம் ஏறினால், காய்ச்சல் வந்தால், உடனே காட்டுங்கோ.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியையும் பாருங்கோ. பரதம் ஆடுகிற பிள்ளை வெறுங்காலால் தரையை அடிச்சு ஆடவேணும். அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கேக்க நகம் குத்தத் தொடங்கினால் "அரங்கேற்றம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் எங்கள் வழக்கம். மாறிச் செய்யுங்கோ. இப்போதே செய்தால் அரங்கேற்றத்துக்கு முன் ஆறிவிடும். தள்ளிப்போட்டால் கடைசிக் கிழமையில் சீழோடு மேடை ஏற வேண்டிவரும். குருவிடம் சொல்லி அடவுப் பயிற்சியைக் கொஞ்ச நாள் இருந்து கொண்டு தாளத்தோடு கையால் செய்ய விடலாம். நீச்சலும் ஜிம் வகுப்பும் ஆறும்வரை இல்லை, பாடசாலைக்கு ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ. கோயிலுக்குப் போனால் கட்டின விரலுக்கு மேல் ஒரு சுத்தமான சொக்ஸ். தேர்த் திருவிழாவில் தார் வீதியில் வெறுங்காலோடு வடம் பிடிப்பதை இந்த வருஷம் அண்ணா பார்த்துக்கொள்ளட்டும். சனவரியில் செய்தால் வீடு திரும்ப ஒரு பெரிய சைஸ் பூட்ஸ் வேணும். அப்பாவின் பழைய பூட்ஸ் போதும், வடிவு பார்க்க நேரமில்லை.

வீட்டில் இருக்கிற மற்றக் கால்கள்

அம்மம்மா, தாத்தாவின் கால்களுக்கு மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. நீரிழிவு நெடுங்காலம் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறையும். நகம் குத்துவது அவர்களுக்கு நோகாது. நோகாததால் சொல்ல மாட்டினம், சொல்லாததால் புண் பெருக்கும். தாத்தா சவர பிளேட்டால் ஆணியையும் நகத்தையும் தானே செதுக்குகிற ஆள் என்றால் பிளேட்டை ஒளிச்சு வையுங்கோ. சுடுதண்ணியில் காலை வைத்துச் சுட்டதும் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு நக ஓரத்தில் ஈரமோ வீக்கமோ கண்டால் அதே நாளில் அல்லது மறுநாள் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது டொக்டர் சொக்ஸைக் கழட்டிக் காலைப் பார்க்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கழட்டி விடுங்கோ.

கைக்குழந்தைக்கு நேர்மாறு. பிறந்து சில மாதங்களில் பெருவிரல் ஓரத்துச் சதை நகத்துக்கு மேல் தடிப்பாக ஏறியிருப்பது சாதாரணமாக நடக்கிற ஒன்று. வளர வளரத் தானாகவே சரியாகிவிடுகிறது. சீழோ நோவோ இல்லாவிட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது காட்டினால் போதும். இறுக்கமான சொக்ஸும், பாதம் மூடிய நித்திரை உடுப்பு சின்னதாகிப் போனதும் விரலை அமத்தும், அதை மட்டும் பாருங்கோ.

எந்த வயதிலும் ஒன்று: நகத்துக்கு அடியில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலிக்கொண்டு போனால், அல்லது அடிபட்ட ஞாபகமே இல்லாமல் நகத்தடியில் கறுத்து மாறாமல் இருந்தால், அதை உள்வளர்ந்த நகம் என்று வீட்டில் முடிவு கட்டாதேங்கோ. மண்ணிறத் தோலுள்ளவர்களுக்கு நகத்தில் கோடுகள் சாதாரணமாகவே வரலாம்; ஆனாலும் மாறுகிற கோட்டை டொக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நகம் வெட்டும் முறை

வெள்ளிக்கிழமை வெட்டாதே, விளக்கு வைத்த பிறகு வெட்டாதே என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு இந்த விதியோடு சண்டை இல்லை. மங்கலான வெளிச்சத்தில் அவசரமாக வெட்டினால்தான் மூலையில் கூர் மிஞ்சும். சனிக்கிழமை காலை, குளிச்ச பிறகு, யன்னல் வெளிச்சத்தில் வெட்டுங்கோ. கை நகத்துக்கான வளைந்த சின்ன வெட்டி வேண்டாம்; கால் நகத்துக்கென்று அகலமாக, நேர் வாயோடு ஒன்று மருந்துக்கடையில் வாங்கலாம். நேராக வெட்ட வேண்டும். இரண்டு மூலையும் சதைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்க்கலாம், வெட்டி வளைக்கக் கூடாது. விரல் நுனியைவிடக் குட்டையாகப் போக வேண்டாம்.

பதினாலு வயது மகன் காலைக் காட்ட மாட்டான். ஒரு முறை வெட்டிக் காட்டி, அடுத்த முறை அவன் வெட்ட நீங்கள் பார்த்து, அதன் பிறகு சப்பாத்து வாங்கப் போகும்போது பார்த்தால் போதும். பின்னேரம் போங்கோ, பகல் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அவன் விளையாடுகிற சொக்ஸோடு நின்று போட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கழட்டும்போது விரலையும் பார்த்துவிடலாம். பெருவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் எடுக்கும். போன மாரியில் பிழையாக வெட்டின மூலை இந்த மாரிக்குத்தான் குத்தத் தொடங்கும்.